ஒளிப்படத்தில் ஓரமங்கலும் நிறச்சரிவும்: திருத்தத்தக்க முறைகளின் வரலாறு

ஓரமங்கல் என்பது ஒளிப்படத்தின் நடுப்பகுதி தெளிவாகவும் விளிம்புகளும் மூலைகளும் படிப்படியாக இருண்டோ வெளுத்தோ காணப்படும் நிலையாகும். ஒளிப்படத் துறையில் இது விக்னெட் என வழங்கப்படுகிறது. ஒரு நிறத்திலிருந்து மற்றொரு நிறத்துக்கோ, ஒளியிலிருந்து இருளுக்கோ இடைவெட்டு இன்றி மெல்ல மாறும் பரப்பு நிறச்சரிவு அல்லது கிரேடியன்ட் எனப்படும். ஓரமங்கலும் ஒருவகை நிறச்சரிவே. நேர்க்கோட்டில் மாறுவது நேர்ச்சரிவு, நடுவிலிருந்து வட்டமாகப் பரவி மாறுவது ஆரச்சரிவு. வானத்தை இருளச் செய்ய நேர்ச்சரிவும், முகத்தை எடுத்துக்காட்ட ஆரச்சரிவும் பெரும்பாலும் பயன்படுகின்றன.

இன்றைய படத்திருத்த மென்பொருள்களில் இவ்விரண்டையும் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், முற்றிலும் நீக்கவும் செய்யலாம். மூலப்படம் சிதையாமல் இருக்கும். ஆனால் ஒளிப்படக் கலையின் நெடிய வரலாற்றில் பெரும்பகுதியில் இந்த வசதி இருந்ததில்லை. விக்னெட் முதலில் வில்லையின் குறையாக இருந்து, பின் அலங்காரமாகி, இருட்டறையில் கைத்திறனாகி, இறுதியில் கணினிக் கோப்பில் எழுதப்படும் சில எண்களாக மாறியது.

சொல்லின் தோற்றம்

பிரெஞ்சு மொழியில் ‘விஞ்’ என்பது திராட்சைக் கொடியைக் குறிக்கும். அதிலிருந்து பிறந்த ‘விக்னெட்’ என்பதற்குச் சிறுகொடி என்று பொருள். நூல்களின் பக்க ஓரங்களிலும் அத்தியாயத் தொடக்கங்களிலும் வரையப்பட்ட கொடி அலங்காரங்கள் முதலில் இப்பெயரால் அழைக்கப்பட்டன. நாளடைவில், சட்டமோ எல்லைக்கோடோ இல்லாமல் காகிதத்தின் வெண்மைக்குள் கரைந்து முடியும் சிறு சித்திரங்களுக்கும் அப்பெயர் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஒளிப்படக் கலை தோன்றியபோது, விளிம்பு கரைந்து மறையும் உருவப்படங்களுக்கு இச்சொல் எளிதாகப் பொருந்தியது.

வில்லையின் இயல்பான குறை

எந்த வில்லையும் படத்தின் நடுவிலும் மூலையிலும் ஒரே அளவு ஒளியைத் தருவதில்லை. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, சாய்வாக வரும் ஒளி இயற்கையாகவே வலுக் குறைவது. எளிய வில்லையில், நடு அச்சிலிருந்து விலகும் கோணத்தின் கோசைன் மதிப்பின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஒளி குறைகிறது. அச்சிலிருந்து 30 பாகை விலகிய இடத்தில் விழும் ஒளி நடுவில் விழுவதில் ஏறத்தாழ 56 விழுக்காடு மட்டுமே. 45 பாகையில் அது 25 விழுக்காடாகிறது.

இரண்டாவது, வில்லைக் குழலின் அமைப்பு. பல கண்ணாடித் துண்டுகள் வரிசையாக உள்ள வில்லையில், மூலைக்குச் செல்லும் ஒளிக்கற்றையின் ஒரு பகுதியை முன் அல்லது பின் வளையம் தடுத்துவிடுகிறது. துளையைச் சிறிதாக்கினால் இவ்வகை மங்கல் பெரும்பாலும் மறைந்துவிடும். முதல் வகை அவ்வாறு மறையாது.

மூன்றாவது, வில்லைக்கு முன் பொருத்தப்படும் பொருத்தமற்ற மறைப்புக் குழலோ, தடித்த வடிகட்டி வளையமோ மூலையை மறைப்பது.

அகன்ற கோண வில்லைகளில் இக்குறை கடுமையாக இருந்தது. ஜெர்மனியின் கெர்ட்ஸ் நிறுவனம் 1900ஆம் ஆண்டு வெளியிட்ட ஹைபர்கான் வில்லை ஏறத்தாழ 135 பாகை அகலக் காட்சியைப் பதிவு செய்யக் கூடியது. மேற்சொன்ன கணக்கின்படி அதன் விளிம்பில் விழும் ஒளி நடுவில் விழுவதில் 2 விழுக்காடு அளவே இருக்கும். இதைச் சரிசெய்ய வில்லையின் முன் நட்சத்திர வடிவச் சிறு விசிறி ஒன்று வைக்கப்பட்டது. காற்றை ஊதினால் அது சுழலும். சுழலும்போது நடுப்பகுதி ஒளியை அதிகமாகவும் ஓரத்து ஒளியைக் குறைவாகவும் மறைக்கும். பதிவு நேரத்தின் ஒரு பகுதிக்கு விசிறியைச் சுழலவிட்டு, பின் அதை விலக்கிவிட்டு மீதி நேரம் பதிவு செய்வார்கள். ஓரமங்கலுக்கு நேரெதிரான ஆரச்சரிவு ஒன்றை ஒரு பொறியின் மூலம் உண்டாக்கிய தொடக்ககால முயற்சி இது. பிற்காலத்தில் இதே வேலையை, நடுவில் கருமையும் ஓரத்தில் தெளிவும் கொண்ட கண்ணாடி வடிகட்டிகள் செய்தன.

குறை அலங்காரமானது

ஒருபுறம் வில்லை வல்லுநர்கள் மங்கலை ஒழிக்கப் பாடுபட்டபோது, மறுபுறம் உருவப்படக் கலைஞர்கள் அதை விரும்பி உண்டாக்கினர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த ஜான் ஆடம்ஸ் விப்பிள் 1849இல் ‘கிரேயான் டாகுரோடைப்’ என்ற முறைக்குக் காப்புரிமை பெற்றார். இதில் அமர்ந்திருப்பவரின் தலையும் தோளும் மட்டும் தெளிவாகப் பதிந்து, சுற்றுப்புறம் வெண்மையில் கரைந்துவிடும். பார்ப்பதற்குக் கிரேயானால் தீட்டிய ஓவியம் போல இருந்ததால் அப்பெயர் ஏற்பட்டது.

பிற்காலத்தில் காகிதத்தில் அச்சிடும் முறை பரவியபோது இது இன்னும் எளிதாயிற்று. முட்டை வடிவத் துளையிட்ட அட்டை ஒன்றை நெகட்டிவுக்கு மேல் சற்று உயரத்தில் வைத்து அச்சிட்டால், துளையின் விளிம்பில் ஒளி சிதறி மென்மையான சரிவு கிடைக்கும். அட்டையின் உயரம் கூடினால் சரிவு மென்மையாகும், குறைந்தால் கூர்மையாகும். இன்றைய மென்பொருள்களில் ‘ஃபெதர்’ என்ற பெயரில் உள்ள விளிம்பு மென்மை அளவு செய்வதும் இதே வேலைதான். தமிழகத்தின் பழைய வீட்டுக் கூடங்களில் மாட்டப்பட்டிருக்கும் மூதாதையர் படங்கள் சிலவற்றில், மார்பளவு உருவம் வெண்மைக்குள் கரைந்து நிற்பதைக் காணலாம். ஸ்டூடியோக்களில் வழங்கிவந்த இவ்வகை வெள்ளை விக்னெட்டின் எச்சமே அது.

மௌனப் படக் காலத்தில் திரைப்படமும் இவ்வுத்தியை எடுத்துக்கொண்டது. ஒளிப்பதிவுக் கருவியின் முன் உள்ள வட்டத் திரையை மெல்லச் சுருக்கி, ஒரு முகத்தை மட்டும் எஞ்சவிட்டுக் காட்சியை முடிப்பது அக்கால வழக்கம்.

வானம் எழுப்பிய சிக்கல்

ஆரச்சரிவு முகத்துக்காகத் தோன்றியது போல, நேர்ச்சரிவு வானத்துக்காகத் தோன்றியது. 1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறையின் தகடுகள் நீல ஒளிக்கு மிகுதியாக எதிர்வினை புரிந்தன. நிலமும் மரமும் சரியாகப் பதியும் நேரத்தில் நீலவானம் அளவு கடந்து பதிந்து, அச்சில் வெறும் வெள்ளையாக வந்தது. மேகங்கள் மறைந்தன.

பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1850களில் தம் கடற்காட்சிகள் சிலவற்றில் கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானுக்கு ஒரு நெகட்டிவும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அடிவானத்தில் பொருந்துமாறு அச்சிட்டார். இரண்டு பதிவுகள் சேரும் இடம் தெரியாமல் இருப்பதே இதில் கடினமான வேலை. ஒரு பதிவை மறைத்து மற்றொன்றைக் காட்டும் இந்த உத்தியே இன்றைய ‘மாஸ்க்’ என்னும் மறைப்பின் முன்னோடி.

பின்னர் மேற்பாதி கருமையாகவும் கீழ்ப்பாதி தெளிவாகவும், இடையில் மென்மையான சரிவோடும் அமைந்த வடிகட்டிகள் புழக்கத்துக்கு வந்தன. வில்லையின் முன் இதைப் பொருத்தி, சரிவை அடிவானத்தோடு சேர்த்து வைத்தால் வானத்தின் ஒளி மட்டும் குறையும். 1970களின் பிற்பகுதியில் பிரான்சின் கோகின் நிறுவனம் சட்டத்தில் செருகும் சதுர வடிகட்டிகளை வெளியிட்டது. சட்டத்துக்குள் வடிகட்டியை மேலும் கீழும் நகர்த்த முடிந்ததால் சரிவின் இடத்தை மாற்றுவது எளிதாயிற்று. ஆயினும் பொத்தானை அழுத்திய பின் அதை மாற்ற வழியில்லை. அடிவானத்துக்கு மேல் எழுந்து நிற்கும் மலையும் கோபுரமும் வானத்தோடு சேர்ந்து இருண்டுவிடும் குறையும் இருந்தது.

இருட்டறைக் கைத்திறன்

படம் எடுத்த பின் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் இருட்டறையே இடமாக இருந்தது. பெரிதாக்கும் கருவியிலிருந்து தாளின் மேல் ஒளி விழும்போது, கம்பியில் ஒட்டிய சிறு அட்டைத் துண்டால் ஓர் இடத்தை மறைத்தால் அந்த இடம் வெளுக்கும். இது டாட்ஜிங் எனப்பட்டது. துளையிட்ட அட்டை வழியாகவோ, விரல்களைக் குவித்த கையின் இடைவெளி வழியாகவோ ஓர் இடத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுத்தால் அந்த இடம் இருளும். இது பர்னிங் எனப்பட்டது. அட்டையை நிறுத்தாமல் மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் விளிம்பு கோடாகப் பதிந்துவிடும். அசைவின் சீரே சரிவின் மென்மையைத் தீர்மானித்தது.

இக்கலையில் பெரிதும் பேசப்படுபவர் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ். நெகட்டிவை இசையமைப்பாளரின் எழுத்துக் குறிப்புக்கும், அச்சை அக்குறிப்பைக் கொண்டு நிகழ்த்தும் கச்சேரிக்கும் அவர் ஒப்பிட்டார். 1941இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஹெர்னாண்டஸ் சிற்றூரில் அவர் எடுத்த நிலவெழுச்சிப் படம் இதற்குச் சான்று. அதன் தொடக்ககால அச்சுகளில் வானம் நடுத்தரச் சாம்பலாகவும் மேகக் கீற்றுகளோடும் இருக்கிறது. பல்லாண்டுகளுக்குப் பின் அவர் செய்த அச்சுகளில் வானம் ஏறத்தாழக் கருப்பாகிவிட்டது. 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை வேதிப்பொருளால் வலுப்படுத்தவும் செய்தார். அது திரும்பப் பெற முடியாத செயல். தவறியிருந்தால் மூலமே அழிந்திருக்கும்.

இருட்டறையின் சுமை இதுதான். ஒவ்வோர் அச்சிலும் முழு வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதனால் தேர்ந்த அச்சாளர்கள் ஒரு மாதிரி அச்சின் மேல் கோடுகளும் வட்டங்களும் இட்டு, எந்த இடத்துக்கு எத்தனை விநாடி கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். நெகட்டிவ் ஒருபுறம், செய்முறைக் குறிப்பு மறுபுறம் என்று பிரித்து வைக்கும் இவ்வழக்கத்தைப் பல பத்தாண்டுகள் கழித்துக் கணினி அப்படியே எடுத்துக்கொண்டது.

கணினிக்கு வந்தபோது

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேராசிரியர் கிளென் நோல் தம் வீட்டின் அடித்தளத்தில் இருட்டறை ஒன்று வைத்திருந்தார். அவருடைய மகன்கள் தாமஸ் நோலும் ஜான் நோலும் அங்கே அச்சிடக் கற்றனர். 1987இல் தாமஸ் எழுதத் தொடங்கிய சிறு நிரல், சகோதரர் இருவரின் உழைப்பால் வளர்ந்து, 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனத்தின் வாயிலாக ‘போட்டோஷாப்’ என்ற பெயரில் மெக்கின்டாஷ் கணினிகளுக்கு வெளியானது. இன்றும் அம்மென்பொருளில் டாட்ஜ் கருவிக்குக் கம்பியில் ஒட்டிய வட்டமும், பர்ன் கருவிக்குக் குவித்த கையும் அடையாளச் சின்னங்களாக இருப்பது இருட்டறையின் நினைவே.

ஆனால் தொடக்ககாலப் பதிப்புகள் இருட்டறையைவிட ஒரு வகையில் கடுமையானவை. அடுக்குகள் இல்லை. கடைசியாகச் செய்த ஒரே செயலை மட்டுமே மீட்க முடிந்தது. ஆரச்சரிவு ஒன்றை இட்டு, அதன்மேல் வேறொரு வேலையைச் செய்துவிட்டால், சரிவு படத்தின் புள்ளிகளோடு கலந்துவிடும். பிரிக்க முடியாது.

இருளச் செய்த ஓரத்தை மீண்டும் அதே அளவு வெளுக்கச் செய்தால் பழைய படம் வந்துவிடாதா என்ற கேள்வி எழலாம். எளிய கணக்கு ஒன்று இதற்கு விடை தரும். சாதாரண 8 பிட் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் 0 முதல் 255 வரையிலான ஒரு முழு எண். அடுத்தடுத்த இரு புள்ளிகளின் மதிப்பு 11, 12 எனக் கொள்வோம். அவற்றைப் பாதியாக்கினால் 5.5, 6 ஆகும். பின்னம் இடம்பெற முடியாததால் 5.5 என்பது 6 ஆக மாறுகிறது. இப்போது இரண்டும் 6. மீண்டும் இரட்டிப்பாக்கினால் இரண்டும் 12. முதலில் இருந்த வேறுபாடு போய்விட்டது. கருங்கூந்தலின் இழைகள், நிழலில் உள்ள துணி மடிப்புகள் போன்றவை இவ்வாறே அழிகின்றன. படத்தைச் சேமித்து மூடிவிட்டால் இந்த இழப்பு நிலையானது.

அடுக்கும் மறைப்பும்

இந்நிலை 1994இல் வெளியான போட்டோஷாப் 3.0 பதிப்பில் மாறத் தொடங்கியது. அதில் லேயர் எனும் அடுக்கு முறை அறிமுகமானது. ஒளிபுகும் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது போல, ஓரமங்கலைத் தனி அடுக்கில் வைக்க முடிந்தது. அடுக்கோடு மறைப்பும் சேர்ந்தது. மறைப்பு என்பது ஒரு கருப்பு வெள்ளைப் படம். அதில் வெள்ளை உள்ள இடத்தில் அடுக்கு தெரியும், கருப்பு உள்ள இடத்தில் மறையும், சாம்பல் உள்ள இடத்தில் அரைகுறையாகத் தெரியும். மறைப்பில் நிறச்சரிவு ஒன்றை இட்டால் அடுக்கு மெல்ல மெல்ல மறையும்.

1996இல் வந்த 4.0 பதிப்பின் சரிசெய்யும் அடுக்கு அடுத்த பெரிய படி. இந்த அடுக்கில் படம் எதுவும் இல்லை, கட்டளை மட்டுமே உண்டு. கீழுள்ள படத்தின் ஒளியைக் குறைத்துக் காட்டு என்பது போன்ற கட்டளை அது. அடுக்கைத் திறந்து எண்ணை மாற்றினால் விளைவும் மாறும், அடுக்கை நீக்கினால் மூலப்படம் தொடப்படாமல் இருக்கும். 1990களின் நடுவில் பிரான்சின் புரூனோ தெலியானின் ஆக்கமான ‘லைவ் பிக்சர்’ மென்பொருளும், மாற்றங்களைக் கணித வடிவில் வைத்திருந்து இறுதியில் மட்டும் படத்தில் நிறைவேற்றும் முறையைக் கையாண்டது.

2000இல் வெளியான 6.0 பதிப்பில் நிறச்சரிவு நிரப்பு அடுக்கு வந்தது. சரிவின் நிறங்கள், கோணம், பரப்பளவு, திசை ஆகிய எல்லாம் இதில் எண்களாகவே நிற்கும். இதன்மூலம் திருத்தத்தக்க ஓரமங்கலை உண்டாக்கும் வழக்கமான முறை பின்வருமாறு:

1. படத்தின் மேல் நிறச்சரிவு நிரப்பு அடுக்கு ஒன்றைச் சேர்த்தல்.
2. நடுவில் ஒளிபுகும் தன்மையும் ஓரத்தில் கருமையும் அமையுமாறு ஆரச்சரிவைத் தேர்தல்.
3. உரையாடல் சாளரம் திறந்திருக்கும்போதே படத்தின் மேல் சரிவை இழுத்து, அதன் நடுவை முகத்தின் மேலோ முதன்மைப் பொருளின் மேலோ வைத்தல்.
4. அடுக்கின் கலப்பு முறையை ‘சாஃப்ட் லைட்’ என மாற்றி, அடர்த்தியைத் தேவைக்கேற்பக் குறைத்தல்.
5. பின்னர் மாற்ற விரும்பினால் அடுக்கின் சிறுபடத்தை இருமுறை சொடுக்கி அளவுகளைத் திருத்துதல்.

மறைப்பின் விளிம்பு மென்மை மட்டும் நெடுங்காலம் திருத்த முடியாததாக இருந்தது. தெரிவை எடுக்கும்போதே எவ்வளவு மென்மை வேண்டும் என்று முடிவு செய்தாக வேண்டும். 2008இல் வந்த சிஎஸ்4 பதிப்பின் மறைப்புப் பலகம் மென்மையையும் அடர்த்தியையும் பிறகும் மாற்றத்தக்க அளவுகளாக்கியது. இதற்கிடையே 2005இன் சிஎஸ்2 பதிப்பு ஸ்மார்ட் ஆப்ஜெக்டையும், 2007இன் சிஎஸ்3 பதிப்பு ஸ்மார்ட் ஃபில்டரையும் கொண்டுவந்தன. அவற்றால் மங்கலாக்கம் போன்ற வடிகட்டிகளும் மூலத்தைத் தொடாமல் இயங்கின. நிறச்சரிவுக் கருவியோ 2023 மே மாதம் வரை புள்ளிகளில் நேரடியாகவே வரைந்தது. அப்போது வெளியான பதிப்பில் அக்கருவியை இழுத்தவுடன் நிரப்பு அடுக்கு தானாக உருவாகி, படத்தின் மேலேயே பிடிகளை நகர்த்திச் சரிவைத் திருத்தும் வசதி வந்தது.

கச்சாக் கோப்பும் செய்முறைக் குறிப்பும்

டிஜிட்டல் கேமராவின் உணரி பதிவு செய்ததைப் பதப்படுத்தாமல் சேமிக்கும் கோப்பு ரா எனப்படும் கச்சாக் கோப்பு ஆகும். இதைத் திறப்பதற்கான ‘கேமரா ரா’ என்ற துணைநிரலை 2003இல் உருவாக்கியவரும் தாமஸ் நோல்தான். கச்சாக் கோப்பில் எதையும் மாற்றி எழுதுவதில்லை. செய்யும் திருத்தங்கள் அனைத்தும் எக்ஸ்எம்பி எனும் உரைக் குறிப்பாகத் தனியே சேமிக்கப்படுகின்றன. நெகட்டிவ் ஓரிடத்திலும் அச்சாளரின் விநாடிக் குறிப்பு வேறிடத்திலும் இருந்த பழைய இருட்டறை ஏற்பாடே இது.

2007 பிப்ரவரியில் வெளியான ‘லைட்ரூம்’ மென்பொருள் முழுவதும் இம்முறையிலேயே அமைந்தது. அதன் முதல் பதிப்பில் வில்லையின் மங்கலை நீக்குவதற்கான அளவு ஒன்று இருந்தது. பயனர்கள் அதை எதிர்த்திசையில் நகர்த்தி, மங்கலைச் சேர்ப்பதற்கும் பயன்படுத்தினர். ஆனால் படத்தை வெட்டிச் சிறிதாக்கினால் மங்கலின் நடு பழைய இடத்திலேயே நின்றது. ஒரு மூலை இருண்டும் மறுமூலை வெளுத்தும் காட்சியளித்தது. அதனால் 2008இன் இரண்டாம் பதிப்பில், வெட்டிய பின் உள்ள சட்டத்துக்கு ஏற்பத் தானே பொருந்தும் ஓரமங்கல் சேர்க்கப்பட்டது. வானத்துக்கான நேர்ச்சரிவு வடிகட்டியும் அதே பதிப்பில் வந்தது. ஆரச்சரிவு வடிகட்டி 2013இல் ஐந்தாம் பதிப்பில் இணைந்தது. முகம் நடுவில் இல்லாத படங்களிலும் ஓரமங்கலை உரிய இடத்தில் வைக்க அது வழி செய்தது.

லைட்ரூமில் ஓரமங்கலின் அளவுகள் ஐந்து. எவ்வளவு இருள வேண்டும் என்பது முதலாவது. இது கழித்தல் 100 முதல் கூட்டல் 100 வரை நகரும். நடுவிலிருந்து எவ்வளவு தொலைவில் மங்கல் தொடங்க வேண்டும், வட்டமா முட்டை வடிவமா, விளிம்பு எவ்வளவு மென்மை, ஓரத்தில் உள்ள விளக்கு போன்ற மிகையொளி இடங்களை எவ்வளவு காக்க வேண்டும் என்பன மற்றவை.

2010இன் மூன்றாம் பதிப்பு மேலும் ஒரு நுட்பத்தைச் சேர்த்தது. அதுவரை ஓரமங்கல் கருப்பு நிறத்தைப் படத்தின் மேல் பூசுவது போலச் செயல்பட்டது. அதனால் ஓரத்தில் உள்ள வெள்ளைச் சுவர் அழுக்குச் சாம்பலாகத் தெரிந்தது. புதிய முறையில் அந்த இடத்தின் ஒளிப்பதிவையே குறைப்பது போலக் கணக்கிடப்பட்டது. ஒளிரும் இடங்கள் ஓரளவு ஒளிர்ந்தவாறே நின்றன. உண்மையான வில்லை தரும் மங்கலுக்கு இது நெருக்கமானது.

பட்டைகள் எனும் குறை

நிறச்சரிவின் நெடுநாளைய சிக்கல் பட்டை விழுவது. மாலை வானத்தின் ஒளி 180இலிருந்து 220 வரை மாறுவதாகவும், அம்மாற்றம் 4000 புள்ளிகள் அகலத்தில் நிகழ்வதாகவும் கொள்வோம். இடையே உள்ள படிகள் 40 மட்டுமே. ஒவ்வொரு படியும் 100 புள்ளி அகலமுள்ள பட்டையாகிறது. கண் இதைப் படிக்கட்டு போலக் காண்கிறது. ஏற்கெனவே சரிவான வானத்தின் மேல் ஓரமங்கலும் சேர்ந்தால் பட்டைகள் மேலும் துலங்கும்.

இதற்கு இரு தீர்வுகள் உள்ளன. ஒன்று, 16 பிட் அளவில் வேலை செய்வது. அப்போது படிகள் ஆயிரக்கணக்கில் பெருகும். மற்றொன்று, டிதர் எனும் சிதறல் முறை. அடுத்தடுத்த படிகளின் எல்லையில் புள்ளிகளை ஒழுங்கின்றிக் கலந்துவிடுவதால் கோடு தெரியாமல் போகிறது. பழைய பிலிமின் இயற்கையான மணித்தன்மை இவ்வேலையைத் தானாகவே செய்துவந்தது.

கட்டற்ற மென்பொருளும் கைபேசியும்

விலைகொடுத்து வாங்க இயலாதோருக்கு வழி திறந்தது ‘கிம்ப்’ என்ற கட்டற்ற மென்பொருள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிசும் இதை 1995இல் தொடங்கினர். 1.0 பதிப்பு 1998இல் வந்தது. 2018இன் 2.10 பதிப்பில் நிறச்சரிவைப் படத்தின் மேலேயே பிடித்துத் திருத்த முடிந்தது. ஆயினும் உறுதி செய்த பின் அது புள்ளிகளில் பதிந்துவிடும். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பே மூலத்தைத் தொடாத வடிகட்டிகளைத் தந்தது. கச்சாக் கோப்புகளுக்கான ‘டார்க்டேபிள்’ என்ற கட்டற்ற மென்பொருளில் சரிவு வடிகட்டியும் ஓரமங்கலும் திருத்தத்தக்க கூறுகளாகவே உள்ளன.

கைபேசிப் படங்களில் ஓரமங்கல் பரவியதற்கு ஓர் ஏக்கமும் காரணம். லெனின்கிராடில் 1980களில் உற்பத்தியான லோமோ, ஹாங்காங்கில் உருவான ஹோல்கா போன்ற மலிவான கேமராக்களின் இருண்ட மூலைகள் பிற்கால இளைஞர்களுக்கு அழகாகத் தோன்றின. 2010 அக்டோபரில் தொடங்கிய இன்ஸ்டாகிராம் அத்தோற்றத்தை ஒரே தொடுதலில் தந்தது. ஹைபர்கான் காலத்தில் விசிறி சுழற்றி ஒழிக்கப்பட்ட குறை, இவ்வாறு விரும்பிச் சேர்க்கப்படும் பழமையின் அடையாளமானது. ‘ஸ்னாப்சீட்’ செயலியின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு, செய்த திருத்தங்களை வரிசையாக வைத்திருந்து பின்னர் மாற்றும் வசதியைக் கைபேசிக்கும் கொண்டுவந்தது.

இருளும் உண்மையும்

ஓரத்தை இருளச் செய்வது வெறும் அழகுச் செயல் அன்று என்பதை 1994 ஜூன் மாத நிகழ்வு ஒன்று உலகுக்கு உணர்த்தியது. அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்ப்சன் கொலைக் குற்றச்சாட்டில் கைதானபோது காவல்துறை எடுத்த படத்தை ‘டைம்’, ‘நியூஸ்வீக்’ ஆகிய இரு இதழ்களும் ஒரே வாரத்தில் அட்டையில் வெளியிட்டன. ‘நியூஸ்வீக்’ படத்தை உள்ளபடி அச்சிட்டது. ‘டைம்’ அட்டையில் முகத்தின் நிறம் கருமையாக்கப்பட்டு, ஓரங்கள் இருளில் ஆழ்த்தப்பட்டிருந்தன. கடைகளில் இரண்டும் அருகருகே தொங்கியதால் வேறுபாடு எல்லோர் கண்ணிலும் பட்டது. விசாரணை தொடங்கும் முன்பே ஒரு கறுப்பினத்தவரை அச்சமூட்டும் உருவமாகக் காட்டியதாகக் கடும் கண்டனம் எழுந்தது. இனவாத நோக்கம் எதுவும் இல்லை என ஆசிரியர் விளக்கம் அளித்தார். சிம்ப்சன் 1995இல் விடுதலை செய்யப்பட்டார்.  முதன்மையாக மாறியிருந்தது ஒளியின் அளவு. அதுவே பார்வையாளரின் தீர்ப்பை ஒரு பக்கம் சாய்க்கப் போதுமானதாக இருந்தது.

அதன்பின் செய்தி நிறுவனங்கள் விதிகளைக் கூர்மையாக்கின. இருட்டறை மரபில் ஏற்கப்பட்ட சிறு அளவு டாட்ஜிங், பர்னிங் ஆகியவற்றை அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நெறிமுறை ஏற்கிறது. ஆனால் பின்னணியை முற்றிலும் கருமையில் மறைப்பதை அது ஏற்பதில்லை. 2015ஆம் ஆண்டு உலகப் பத்திரிகை ஒளிப்படப் போட்டியில் இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அளவுமீறிய திருத்தத்துக்காக விலக்கப்பட்டன. மூலக் கோப்பை அனுப்பச் சொல்லி, அதனோடு ஒப்பிட்டே நடுவர்கள் இம்முடிவுக்கு வந்தனர்.

திருத்தத்தக்க முறையின் மதிப்பு இங்கேதான் முழுமையாக விளங்குகிறது. மூலம் அழியாமல் இருந்தால்தான் ஒப்பிட முடியும். கருப்பு எவ்வளவு சேர்ந்தது, எங்கே சேர்ந்தது என்பது எக்ஸ்எம்பி குறிப்பில் எண்ணாக நிற்கிறது. லெ கிரேயின் அடிவானத்தில் தையல் எங்கே என்று கண்டறிய வல்லுநரின் கண் தேவைப்பட்டது. இன்றைய கச்சாக் கோப்பையும் அதன் குறிப்பையும் சேர்த்துத் திறந்தால் எவரும் ஒவ்வொரு திருத்தமாக நீக்கிப் பார்க்கலாம்.

இன்றைய நிலை

2021 அக்டோபரில் லைட்ரூமும் கேமரா ராவும் தங்கள் மறைப்பு முறையைப் புதுப்பித்தன. நேர்ச்சரிவு, ஆரச்சரிவு, தூரிகை, வானத்தையோ முதன்மைப் பொருளையோ தானாக இனங்காணும் தெரிவு ஆகியவற்றை ஒன்றோடொன்று கூட்டவும் கழிக்கவும் வெட்டவும் முடிந்தது. வானத்துக்கு இட்ட சரிவிலிருந்து கோபுரத்தை மட்டும் விலக்குவது இப்போது சில நொடி வேலை. கண்ணாடி வடிகட்டியால் ஒருபோதும் தீர்க்க முடியாத சிக்கல் அது.

இப்போதைய கேமராக்கள் பலவும் வில்லையின் இயல்பான மங்கலைக் கணக்கிட்டு, படம் எடுத்தவுடனே தாமாக நீக்கிவிடுகின்றன. அதன்பின் படத்தைத் திறப்பவர் தம் விருப்பப்படி மங்கலை மீண்டும் சேர்க்கிறார். ஒருமுறை நீக்கி மறுமுறை சேர்ப்பது வீண்வேலை போலத் தோன்றினாலும், வில்லை தந்த மங்கல் தவிர்க்க முடியாதது, பின்னர் சேர்ப்பது தேர்ந்தெடுத்தது. அத்தேர்வை மாற்றிக்கொள்ளவும், பிறருக்குத் திறந்து காட்டவும் முடிவதே திருத்தத்தக்க முறைகள் ஒளிப்படக் கலைக்கு அளித்த முதன்மையான பயனாகும்.